அப்டேட் ஏறி முடிவதற்குள்

அந்த ஸ்டூல் வேண்டாம் மேடம், ஒரு கால் ஆடும். கட்டிலில் உட்காருங்க. பாப்பா உள்ளே தொட்டிலில் தூங்குறாள், தொந்தரவு இருக்காது. ரிமோட்டை இந்த ஜன்னலில் வையுங்க. எங்கள் வீட்டில் இந்த ஒரு இடத்தில்தான் டவர் கிடைக்கும். என் வீட்டுக்காரருக்குப் போன் வந்தால் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எங்கள் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு வயிறு சரியில்லை, எல்லாம் தெருவுக்கே தெரியும்.

எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரமா? இல்லை, சும்மா கேட்டேன். நாலு மணிக்கு எங்கள் மகளிர் குழுக் கூட்டம் இருக்கு. அதற்குள் முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் ஒன்றுமில்லை.

இருங்க, கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவாறேன். பால் கிடையாது, கடுங்காப்பிதான்.

இந்தாங்க. சூடு, விளிம்பைப் பார்த்துப் பிடிங்க.

மேடம், வாசலில் வைத்து நீங்க ஒன்று சொன்னீங்களே, இந்த அப்டேட் ஏறி முடிந்தால் ரிமோட்டில் இருக்கிற பழைய பதிவு மொத்தமும் அழிந்துவிடும் என்று. மொத்தமுமா? எந்தத் தேதியில் எந்த வயலில் பறந்தது, எந்தப் போனிலிருந்து அதற்கு நெட் கிடைத்தது, அதுவுமா? கம்பெனியில் இருக்காதா அது? ஓ, பறந்த விவரம்தான் அங்கே போகுமா. போன் பெயர் இந்த ரிமோட்டில் மட்டும்தானா. சரி, சரி. தெரிந்துகொள்ளலாம் என்று கேட்டேன்.

பன்னிரண்டு காட்டுது. நூறு வந்தால் முடிந்துவிடும், இல்லையா?

எனக்கு அதிகம் பேச வராது மேடம். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். நீங்க என்னைவிடச் சின்னப் பெண்ணாக இருப்பீங்க, ஆனாலும் மேடம் என்றுதான் வருது. உங்களிடம் ஏன் பேசுகிறேன் என்றே தெரியலை. நீங்க இந்த ஊர் இல்லை, இனி வரவும் மாட்டீங்க, அதனால் இருக்கும்.

மூலையில் காலை மடக்கிக்கொண்டு நிற்குதே, இது எங்கள் குழுவுக்குத் திட்டத்தில் கிடைத்த ட்ரோன். பதினோரு பெண்கள், ஒரு ட்ரோன். காங்கிரீட் கூரையும் பூட்டுப் போடுகிற அறையும் எங்கள் வீட்டில்தான் இருந்தது, அதனால் இங்கே வைத்தார்கள். ஓட்டுகிற லைசென்ஸ் உச்சிக்கா பெயரில். உச்சிமாகாளி என்று முழுப்பெயர், பத்தாவது பாஸ், மதுரைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். நான் கூடப் போகிற ஆள். மருந்து கலக்கி ஊற்றுவேன், பேட்டரி மாற்றுவேன், ரிமோட்டை மடியில் வைத்துக் காப்பாற்றுவேன். ஒரு பேட்டரிக்கு ஒரு சுற்று. சுற்று முடிந்து இறங்கியதும் ரிமோட்டில் ஒரு கட்டம் வரும், அதில் பச்சைப் பொத்தானை நான் அமுக்கணும். அமுக்கினால்தான் அடுத்த சுற்று. அது என் வேலை.

உச்சிக்காவுக்கு வாய் அப்படி. வரப்பில் நின்றுகொண்டு, "ஏட்டி மாரிக்கனி, வானத்தப் பாருட்டி, நம்ம புள்ள போகுது" என்று கத்துவாள். எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். வயல்காரர் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிடுவாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

போன ஐப்பசியில் உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு அப்டேட் வந்தது. நான் உங்களைச் சொல்லலை மேடம், நீங்க சம்பளத்துக்கு வருகிற பெண். வந்தது, நாங்களும் ஏற்றிக்கொண்டோம். மறுநாள் நல்லபெருமாள் அண்ணாச்சி வயலில் இறக்கி வைத்தால், ட்ரோன் எழுந்திரிக்க மாட்டேன் என்கிறது. பேட்டரியில் நாலு லைட்டும் பச்சையாக எரியுது. ரிமோட்டில் மட்டும் சிவப்புக் கட்டம். அண்ணாச்சி வயலில் புகையான் விழுந்திருந்தது. புகையான் தெரியுமா மேடம்? தூரில் இருந்து சாறை உறிஞ்சுகிற பூச்சி. காலையில் ஒரு சுளகு அளவுக்குக் காய்ந்திருக்கும், மூன்றாம் நாள் தீ வைத்த மாதிரி வயலே கருகிவிடும். அண்ணாச்சி வரப்பில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சிக்கா கம்பெனிக்குப் போன் போட்டாள். பேசினவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், உங்க பேட்டரி இருநூறு தடவை சார்ஜ் ஏறிட்டு. புது அப்டேட்படி அதோட லைஃப் முடிஞ்சிட்டு. புது செட் வாங்கிக்கோங்க."

"லைஃப் முடிஞ்சிட்டுன்னு பேட்டரில்லா சொல்லணும்? நீங்க யாரு சொல்ல?" என்றாள் உச்சிக்கா. "எங்க மாமனாருக்கு எழுவத்தெட்டு வயசு. தினம் வாய்க்கால்ல முங்கிக் குளிக்காரு. அவருக்கும் ஒரு அப்டேட் போட்டு விட்டுருவீங்களோ?"

அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கருகுகிற வயலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

நீங்களும் சிரிக்குறீங்க. நீங்க சொல்வதும் சரிதான் மேடம். பழைய பேட்டரி மேலே போய்ச் செத்தால், பதினைந்து கிலோ இரும்பு ஆள் தலையில்தான் விழும். அது எனக்கும் புரியுது. ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்யலாமே. வீட்டுக்கு கிரைண்டர் வாங்குகிறோம். வாங்கி ஒரு வருஷம் கழித்து, நம் வீட்டுக்குள் இருக்கிற கிரைண்டரை எங்கோ இருந்துகொண்டு ஒருத்தன் நிறுத்தினால் விடுவோமா? நாங்கள் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினோம், உண்மைதான். நாற்பது பக்கம் இங்கிலீஷ். கடைசியில் ஒரு சின்னக் கட்டம். அதை அமுக்கியதும் இதே கட்டை விரல்தான்.

இருபத்தெட்டு. டவர் இன்றைக்குப் பரவாயில்லை.

டவுனில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தாள் ஜெசிந்தா அக்கா. அவள் பெயர்தான் உங்கள் எல்லோருக்கும் தெரியுமே. பேப்பரில் கூட வந்தது. உச்சிக்காவும் நானும் ட்ரோனைச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் கொண்டுபோனோம். ஜெசிந்தா அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது யாரு பொருளு?"

"எங்க பொருளு" என்றாள் உச்சிக்கா.

"பொறவு எதுக்கு அவன்ட்ட போய்க் கேக்கிய?"

இரண்டு நாள் வைத்திருந்தாள். கேரளாவில் யாரிடமோ பேசி, ஐப்பசிக்கு முந்தின சாப்ட்வேரை எடுத்து ஏற்றினாள். சும்மா ஏற்றிக் கொடுத்துவிடலை மேடம். எங்கள் நாலு பேட்டரியையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஒன்று லேசாக வீங்கியிருக்கிறது என்று அதைத் தனியே வைத்துவிட்டாள். "இத உங்க கம்பெனி வாழ விட்டாலும் நான் விட மாட்டேன்" என்றாள். மற்ற மூன்றும் நன்றாக இருந்தன. ஒரு கட்டளை மட்டும் போட்டாள். ரிமோட்டுக்கு நெட் காட்டவே கூடாது. நெட் கிடைத்தால் அது நேரே கம்பெனிக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும், புது அப்டேட்டையும் வாங்கிப் போட்டுக்கொள்ளும்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம். வயலில் ரிமோட்டை எடுப்பதற்கு முன்னால் எல்லோருடைய போனும் எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள் போகணும். கஞ்சி கொண்டுபோகிற பெரிய தூக்கு, மூடினால் நெட் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. வயல்காரர் போன், மருந்து சுமக்கிறவர் போன், வேடிக்கை பார்க்க வந்தவர் போன், எல்லாம். மூடியைப் போட்டு, மேலே ஒரு கல்லையும் வைப்பாள் உச்சிக்கா. "போனக் கஞ்சியில போட்டாச்சா?" என்று கேட்பாள். ஒரு நாள் தூக்குக்குள்ளிருந்து யாருடைய போன் அலாரமோ சாமிப் பாட்டுப் பாடியது. அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அந்தப் பிசான நெல்லுக்குத் தை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கன்னடியன் கால்வாய்ப் பக்கம் அத்தனை வயலுக்கும் எங்கள் ட்ரோன்தான். மற்ற ஊர்க் குழுக்களும் ஜெசிந்தா அக்காவிடம் போனார்கள்.

தை மாசம் ஒரு நாள் எப்படியோ ரிமோட்டுக்கு நெட் கிடைத்துவிட்டது.

எப்படி என்றால்... எப்படியோ. பாதி வயல் தெளித்திருக்கும்போது நின்றுபோனது. மறுபடி அதே சிவப்புக் கட்டம். பத்து நாளில் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். எத்தனையாவது சார்ஜில் எந்த வயலில் பறந்தோம் என்று எல்லாம் கையில் வைத்திருந்தார்கள். சாப்ட்வேரை மாற்றியது யார் என்று கேட்டார்கள். நாங்கள் சொல்லலை. ஆனால் ஏற்றிய சாப்ட்வேரிலேயே ஜெசிந்தா அக்காவின் கம்ப்யூட்டர் பெயர் இருந்ததாம். புகார் கொடுத்தார்கள். லேப்டாப்பைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. கடைக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கேஸ் நடக்குது. அவள் இப்போது தன் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, பெட்டிக்கடைப் பரிசுச் சீட்டுக் கவருக்கு எண் ஒட்டுகிற வேலை செய்கிறாளாம். நான் போய்ப் பார்க்கலை. போகணும் போகணும் என்று நினைக்கிறேன், பாப்பாவுக்குச் சளி.

நாற்பத்தொன்று. நாங்கள் புது செட் பேட்டரி வாங்கின பிறகுதான் இந்த அப்டேட் ஏற்ற உங்களை அனுப்பினார்கள்.

ரிமோட்டுக்கு நெட் கொடுத்து யார் காட்டிக்கொடுத்தது என்று பேச்சு வந்தது. வரத்தானே செய்யும். எல்லோரும் உச்சிக்காவைச் சொன்னார்கள். காரணமும் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான், மோட்டார் சத்தம் பற்றிக் கேட்கப் போன இடத்தில், ஜெசிந்தா அக்காவுக்கும் உச்சிக்காவுக்கும் வாய்ச்சண்டை. அது போக, உங்கள் கம்பெனியில் உச்சிக்காவைப் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டிருந்தார்களாம். அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாட்டேன் என்றதை யாரும் ஞாபகம் வைக்கலை, கேட்டதை மட்டும் ஞாபகம் வைத்தார்கள். வேலைக்காக ஜெசிந்தாவை விற்றுவிட்டாள் என்று பேசினார்கள். எங்கள் தலைவி செண்பகம் மைனி கூட்டத்தைக் கூட்டினாள்.

சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். உச்சிக்கா நடுவில் நின்றுகொண்டு கத்தினாள். "எம் போன் அன்னைக்குத் தூக்குக்குள்ளதான் கெடந்துச்சு. எவ வேணும்னாலும் சொல்லட்டும். ஏன், மாரிக்கனி கூடத்தானே இருந்தா, அவட்டக் கேளுங்க. ஏட்டி, சொல்லுட்டி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபது கண்ணு மேடம். பாயில் ஒரு கோரை பிரிந்து கிடந்தது, அதைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னட்டி, ஒண்ணும் பேச மாட்டேங்க?" என்றாள் செண்பகம் மைனி. "அப்போ உச்சி போனு தூக்குல இல்லயோ?"

நான் இல்லை என்றும் சொல்லலை, ஆமாம் என்றும் சொல்லலை. சும்மா இருந்தேன். சும்மா இருப்பது பொய்யா மேடம்? நான் ஒரு வார்த்தை பொய் சொல்லலை. அவர்களாக எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு அப்புறம் உச்சிக்கா சொன்னாள் பாருங்க, அதைத்தான் என்னால் தாங்க முடியலை. செண்பகம் மைனி என்னை இன்னும் ஒரு தடவை அதட்டினாள். உச்சிக்கா குறுக்கே வந்து, "அவள விடுங்க மைனி. நாலு பேரு முன்னால அவளுக்கு வாய் வராது. சின்னப் புள்ளைலயிருந்தே அப்படித்தான்" என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாள், அந்த நேரத்திலும். நான் பிய்த்த கோரையைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எதற்கு முடிந்தேன் என்று எனக்கே தெரியலை.

இன்றைக்கு நாலு மணிக்குக் கூட்டம் அதற்குத்தான். உச்சிக்கா பெயரைக் குழுவிலிருந்து எடுக்கப்போகிறார்கள். எடுத்தால் ட்ரோன் ஓட்ட முடியாது. குழுவிலிருந்து விரட்டின பிறகு அவளை வேறு எந்த ஊர்க் குழுவும் சேர்க்காது. அவள் மாதிரி ஓட்ட இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது மேடம். மின்கம்பிக்கும் தென்னைக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி கொண்டுபோவாள்.

இனி யார் ஓட்டுவார்கள் என்று கேட்குறீங்களா? அது... செண்பகம் மைனி என்னிடம் சொல்லியிருக்கிறாள். "நீ ரிமோட்டப் பிடி. லைசென்சு உள்ள யாரையாவது பேருக்குப் பக்கத்துல நிறுத்திக்கிடலாம்" என்று. இதை நீங்க கேட்கலை மேடம், என்ன? எனக்கு அதில் ஆசையே கிடையாது. சத்தியமாக இல்லை. கொஞ்சம் இருக்கு. வீட்டில் யாரும் இல்லாதபோது, ரிமோட்டை ஆன் பண்ணாமல், இரண்டு கட்டை விரலையும் வைத்து இப்படி இப்படி ஆட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஐம்பத்தாறா? கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் நாற்பது இருந்தது. வேகமாக ஏறுது.

தை மாசம் நெட் எப்படிக் கிடைத்தது என்று நீங்க ஒன்றும் கேட்க மாட்டேங்குறீங்க. கேட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அது என் போன் மேடம்.

நான் ஒன்றும் செய்யலை. ட்ரோன் வந்த முதல் நாள், கம்பெனிக்காரர் ஒருவர் இதே ஜன்னலில் வைத்துத்தான் ரிமோட்டைப் பதிவு செய்தார். அவர் போனில் டவர் இல்லை. என் போனை வாங்கி அதன் நெட்டில் செய்தார். அன்றைக்கே அதற்கு என் போன் பழகிவிட்டது. ஒரு தடவை பழகினால் மறக்காதாமே? எனக்கு யார் சொன்னார்கள்? தை மாசம் அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு ரீசார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. காலையில் என் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுத்தான் செய்தி பார்த்தார். அணைக்கலை. ஆம்பளைகள் எதை அணைத்தார்கள், அடுப்பையா லைட்டையா?

ஆமாம், போன் தூக்குச்சட்டிக்குள் இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சரியாகத்தான் கேட்குறீங்க. நானும் போட்டேன் மேடம். முதலில் போட்டேன். அன்றைக்கு என் மாமியார் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டார்கள், பாப்பாவை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வயசு இரண்டு. வெயில், கொசு, ட்ரோன் சத்தம். அழுகிறாள் என்றால் அப்படி ஒரு அழுகை. உச்சிக்கா ரிமோட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாள், அவளால் திரும்ப முடியாது. "ஏட்டி, புள்ளய அமத்துட்டி, எனக்கு மோட்டார் சத்தம் கேக்கல" என்கிறாள். நான் கல்லை எடுத்து, மூடியைத் திறந்து, என் போனை எடுத்து, நெட்டைப் போட்டு, பொம்மைப் படம் வைத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம்தான். உச்சிக்கா பார்க்கலை. தன்ஷிகா, அதான் பாப்பா, உடனே வாயை மூடிவிட்டாள். நார்ப்பெட்டிக்குள் உட்கார வைத்திருந்தேன்.

சுற்று முடிந்து ட்ரோன் இறங்கியது. உச்சிக்கா ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழாய் அடைப்பைப் பார்க்கப் போனாள். நான் அதை நார்ப்பெட்டியில் வைத்தேன், பாப்பா பக்கத்தில். டிங் என்று ஒரு சத்தம். கட்டம் வந்தது. பாப்பா கையை வைத்தாள்...

இல்லை.

இல்லை மேடம். பாப்பா படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை அங்கே வரவே இல்லை. இத்தனை நாளும் மனசுக்குள் பாப்பாதான் அமுக்கினாள் என்று வைத்திருந்தேன். அப்படியே நம்பியும்விட்டேன். இரண்டு வயசுப் பிள்ளை மேல் பழியைப் போட்டு, ராத்திரி அதே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான்தான் அமுக்கினேன். சுற்று முடிந்தால் பச்சையை அமுக்கணும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் கட்டத்தில் எழுத்து வேறு மாதிரி இருந்தது, நீளமாக. பதிவைக் கம்பெனிக்கு அனுப்பவா என்று கேட்டிருக்கும். அதையும் கவனித்தேன். உச்சிக்காவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கணும். காட்டினால் பெட்டியில் கிடக்கிற போனையும் பார்த்துவிடுவாள். அதனால் அமுக்கிவிட்டு, போனைப் பிடுங்கித் தூக்குக்குள் போட்டு, கல்லையும் வைத்துவிட்டேன். உச்சிக்கா திரும்பி வந்தபோது பாப்பா அழுதுகொண்டிருந்தாள். "இப்பந்தானே அமந்தா, மறுபடியும் என்னட்டி?" என்று கேட்டாள். "பசிக்கி" என்றேன். அதுதான் பொய். வேறு எதுவும் நான் சொல்லலை.

எண்பது தாண்டிவிட்டதா?

என்ன மேடம்? பழைய பதிவை இப்போதே திறந்து பார்க்கலாமா? அழிவதற்குள்ளா? தேதி, நேரம், போன் பெயர், எல்லாம் இருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்கிறீங்க. என் போன் பெயர் தன்ஷிகா அம்மா என்றே வரும். அதைக் காட்டினால் போதும், நான் வாயைத் திறக்கவே வேண்டாம். செண்பகம் மைனி முன்னால் நீட்டினால் போதும். உச்சிக்கா பெயர் நிற்கும்.

எடுக்கலாம். எடுத்துவிடலாம் மேடம்.

இருங்க, பாப்பா அழுகிற மாதிரி இருக்கு. ஒரே நிமிஷம்.

தூங்கிவிட்டாள். தொட்டிலை ஆட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். வேர்த்துப்போய்க் கிடந்தாள், துண்டு எடுத்துத் துடைத்தேன். சட்டை மாற்றினேன். மாற்றும்போது முழித்துவிடுவாளோ என்று கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றேன். இப்போது எவ்வளவு?

நூறா.

நூறு ஆகிவிட்டதா மேடம்? நீங்க ஒரு குரல் கொடுத்திருக்கலாமே. கொடுத்தீங்களா? இரண்டு தடவையா? எனக்குக் கேட்கலை. உள்ளே காற்றாடிச் சத்தம். பாப்பா அழுதாள்தானே மேடம்? உங்களுக்கும் கேட்டிருக்குமே.

ஏன் காப்பி டம்ளரையே பார்க்குறீங்க?

அழலை. சரி. அழலை.

லைட் எரியுது பாருங்க, நாலு காலிலும். உயிர் வந்துவிட்டது. பதிவு இருந்த இடம் இதுதானா? வெள்ளையாக இருக்கு. ஒரு எழுத்துக்கூட இல்லை. இனி இந்த உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, இல்லையா? எனக்கு நிம்மதியாக இருக்கணும். நீங்க வாசலில் சொன்னதிலிருந்து இதற்குத்தானே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது நூறு வரும், எப்போது அழியும் என்று. உங்களைப் பேச்சில் பிடித்து வைத்ததும் அதற்குத்தானோ என்னவோ. எனக்கே என் மேல் சந்தேகமாக இருக்கு.

இப்போது நான் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? செண்பகம் மைனி என்ன சொல்லுவாள் தெரியுமா? "பாவம், உச்சியக் காப்பாத்துறதுக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கிடுதா" என்பாள். என்னை நல்லவள் என்று சொல்லிவிடுவார்கள் மேடம். உச்சிக்காவையும் விரட்டிவிட்டு, என்னையும் நல்லவள் என்று சொல்லிவிடுவார்கள்.

நீங்க வந்து சொல்வீங்களா? ஒரு ஐந்து நிமிஷம்? ஆமாம், நீங்க எதைக் காட்டிச் சொல்வீங்க. வேலைக்கும் ஆபத்து. பஸ்ஸும் மூன்றே முக்காலுக்கு. சரிதான். நான் கேட்டிருக்கவே கூடாது.

சொல்லுகிற மாதிரி சொன்னால் நம்புவார்கள், இல்லையா? பெட்டி எங்கே இருந்தது, போனை எப்படி எடுத்தேன், உச்சிக்கா என்ன கேட்டாள், நான் பசிக்கு அழுகிறாள் என்று சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால். உங்களிடம் சொன்னேனே. உங்களிடம் வந்தது அங்கேயும் வராதா?

பையை எடுக்காதீங்க மேடம், ஒரே நிமிஷம். அந்தக் கட்டில் ஓரத்தில் உட்காருங்க. நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் முறைத்த மாதிரி. செண்பகம் மைனி அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். நான் இங்கே நிற்கிறேன்.

"மைனி, அது எம் போனு."

கேட்டுச்சா மேடம்?

கேட்கலையா? உதடு மட்டும்தான் அசைந்ததா?

"மைனி. அது எம் போனு. பச்சைய அமுக்குனது நானு."

இப்போ?